ஸ்டூல் கேட்ட பாட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தையல் கம்பெனி ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸுக்காக நின்றபோது உள்ளே பெண்கள் பாடுவது கேட்டது. என்ன பாட்டென்று பிடிபடுவதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியை நானே இட்டுக்கட்டுகிறேன்.

‘உழைப்பாளரின் வியர்வையில் விடியல் சிவந்து...’

(வேண்டாம். இந்த வரியைக் கேட்டால் காலர் அக்கா வாய்விட்டுச் சிரிப்பாள்.)

2

காலர் அக்கா சட்டைக்குக் காலர் தைப்பவள். வரிசையின் கடைசியில் நின்றுகொண்டே நூல் பிசிறு வெட்டுபவள் அவளுடைய தங்கை. மாசமாக இருக்கிறாள். வீங்கிய காலோடு அவள் நிற்பதைப் பார்க்க அக்காவுக்குப் பொறுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் ஒரு ஸ்டூல் கேட்டாள்.

“ஒருத்திக்குப் போட்டா எல்லாரும் கேப்பாங்க” என்றார்.

கேட்கட்டுமே என்று அக்கா பாட்டுக் கட்டினாள்.

ஊருக்கெல்லாம் சட்டை தெச்சோம்
உக்கார ஸ்டூலு இல்ல
யாருக்கய்யா நோகுதுன்னு
பாக்க ஒரு ஆளு இல்ல

எல்லாருக்கும் சட்டென்று பிடிபடட்டும் என்று மிஷின் ஓடும் தாளத்திலேயே மெட்டும் போட்டாள். தப்பு அங்கேதான் நடந்தது.

3

கூடமே பாடியது. பாட்டு ஓடிய வேகத்துக்குக் கைகளும் ஓடின. தைத்த சட்டையெல்லாம் தங்கையின் மேஜையில் மளமளவென்று குவிந்தது. சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல்.

“அக்கா, பாட்டு பிரமாதம்! தினமும் பாடுங்க. ரெக்கார்டு பண்ணி ஸ்பீக்கர்லயே போட்டுடலாம்.”

“நாங்க என்ன கேட்டுப் பாடுறோம்னு தெரியுதா சார்?”

“வார்த்தைய யாரு கவனிக்கிறா? வேலை நடக்குதுல்ல!”

(இவரை வில்லனாக்க முறுக்கு மீசையெல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மேலே இருப்பவர்களுக்குப் பயந்த மனிதர், அவ்வளவுதான்.)

சாப்பாட்டு நேரத்தில் தங்கை தரையில் உட்கார்ந்து கால் நீட்டினாள். அக்கா அவள் பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள்.

“நல்ல பாட்டுதான்க்கா. ஆனா என்னால ஈடுகுடுக்க முடியல.”

அக்காவின் மனசு நோகக் கூடாதே என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

4

முடிவுக்கு வருவோம். மறுநாளே ஸ்டூல் வந்ததாக ஒன்று எழுதினேன். எனக்கு ரொம்ப ஆசைதான், ஆனால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அக்கா பாட்டை நிறுத்திவிட்டதாக இன்னொன்று. அப்படியானால் ஸ்டூல் கேட்க ஆளே இல்லாமல் போகும். அதையும் அடித்துவிட்டு...

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். சாப்பாடு முடிந்து மிஷின்கள் ஓடத் தொடங்கின. அக்கா பாடினாள். அதே பாட்டுதான், ஆனால் தாலாட்டுப் போல இழுத்து இழுத்து. அவள் கையும் அந்த வேகத்துக்கு இறங்கியது. பக்கத்து மிஷின்கள் தடுமாறின. தையல்காரிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

ஒருத்தி மட்டும் மெதுவாகப் பாடினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார். கூடமே மெதுவாகப் பாடினால் யாரை நிறுத்துவார்?

அக்கா இரண்டு அடி பாடிவிட்டாள். மூன்றாவது அடியை யாராவது வாங்கிப் பாட வேண்டும். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவர் வந்துகொண்டிருக்கிறார்.

உங்களுக்குத்தான் வார்த்தை தெரியுமே. எடுங்கள். அவசரமே வேண்டாம், மெதுவாக.