தலைவருக்கு ஒரு மாலை

நான் அகதியாய் வந்து சேர்ந்த ஃபாரஸ்ட் கேட்டில், என் அச்சுக்கடையில் ஓடுவது இரண்டே சாமான்: வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்தியவீட்டுப் பேனர், செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி. மார்கோவியத் தூதரகத்து யாரெக் மூன்றாவது ரகம். வெளியே யாரையும் விடாத அந்த நாட்டின் தலைவருக்குப் பிறந்தநாள் படம் அடிக்க வந்தார்.

"என்ன வயது போடுறது?"

"நாற்பத்தொன்று."

"போன வருஷமும் அதுதானே?"

"இருபத்திரண்டு வருடமாக அதுதான். சட்டம்."

அவர் சிரிக்கவில்லை. மகள் அங்கே அரசு விடுதியில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை பேசலாம். முதலில் தலைவரின் குதிரை சுகமா என்று கேட்க வேண்டும்.

பாவம், இலவசமாக ஏதாவது செய்வோமே என்று படத்துக்கு ஒரு ரோஜா மாலையும், இரண்டு பக்கமும் குத்துவிளக்கும் சேர்த்தேன். வாரம் முழுக்க அஞ்சலி அடிக்கிற கை, மூளையைக் கேட்கவில்லை. யாரெக்குக்குக் கண் கலங்கிவிட்டது. விருந்துக்கும் அழைத்தார்.

விருந்தில் யாரெக்கைத் தவிர எனக்குத் தெரிந்த ஒரே முகம் டாக்டர் பத்ரிநாராயணன். தூதுவரின் முழங்காலுக்கு வைத்தியம் பார்ப்பவர். படத்தைக் கண்டதும் முகம் வாடி, நேரே போய்த் தூதுவரின் இரண்டு கைகளையும் பிடித்து ஆங்கிலத்தில் துக்கம் விசாரித்தார். பிறகு என்னிடம், "எப்போ தவறினார் சார்? நியூஸ்ல வரவே இல்லையே?"

"ஐயோ டாக்டர், ஆள் உயிரோட இருக்குது!"

"அப்போ மாலை யாரு போட்டது?"

மண்டபத்தில் ஒரு கரண்டிகூட அசையவில்லை. அந்த நாட்டில் தலைவர் சாகக்கூடியவர் என்று நினைப்பதே குற்றம்.

மறுநாள் யாரெக் கடைக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை நாடு திரும்பக் கட்டளை.

"போகாதேங்கோ. அசைலம் கேஸ் நான் எழுதித் தாறன். அதில நான் பேராசிரியர், மூண்டுதரம் ரிஜெக்ட் ஆனவன்."

"நான் நின்றால் மகளைக் கொண்டுபோவார்கள்."

பிழை முழுக்க என்னுடையது, தலைவர் சாகவில்லை என்று கடிதம் எழுதி, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மெல்லக் கிழித்தார்.

"சாகவில்லை என்றும் எழுதக் கூடாது," என்றார்.

அடுத்த மாதம் தூதரகத்திலிருந்து புது ஆள் ஒருவர் வந்தார், மாலை இல்லாத படம் கேட்டு.

"முந்தி வாறவர் எப்பிடி இருக்கிறார்?"

"முன்பு யாரும் வரவில்லையே." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "யாரைச் சொல்கிறீர்கள்?"

விடுதியில் இருக்கிற பிள்ளையை நினைத்தேன்.

"ஒருத்தரையும் இல்லை. நான் வேற ஆரையோ நினைச்சிட்டன்," என்றேன். படம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டேன்.