ஒட்டடைக்குச்சியின் அட்டெண்டன்ஸ்

நிர்வாகவியல் மாணவர்களுக்குத் தொழில் அறம் பாடம் நடக்கும் அறையில் வராதவனுக்காக யாராவது "பிரசென்ட்" என்று ப்ராக்ஸி கொடுத்தால், அவன் எங்கிருந்தாலும் அந்த நிமிடமே தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவான். ஒருவன் வாயில் பற்பசை நுரையோடு வந்தான். இன்னொருவன் பாதி முடி வெட்டிய தலையும் கழுத்தில் சலூன் துணியுமாக வந்து, மீதி முடிக்குச் சாயங்காலம் வரை காத்திருந்தான். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்பதால் விஷயம் பிஷப் வரை போனது. அவர் ஆள் அனுப்பி விசாரித்துவிட்டு, குளியலறையிலிருந்து வந்து சேருகிறவர்களுக்காக நாலு துண்டு வாங்கி வைக்கச் சொன்னார். பக்கத்துக் கணக்கியல் வகுப்பில் தொண்டை கிழிய ப்ராக்ஸி கொடுத்தாலும் ஈ கூட வந்து உட்காராது.

பாடம் எடுத்தவரை மாணவர்கள் மனசாட்சி மிஸ் என்பார்கள். கறார் பேர்வழி. அதான் ஆள் வந்துவிட்டானே என்று அவரிடம் சமாளிக்க முடியாது. "நீ வாயத் திறந்தப்போ அவன் இங்க இல்ல. அப்போ அது பொய்தானே?" என்று ப்ராக்ஸி கொடுத்தவனுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பார். சொந்த அக்காள் மகளின் கல்யாணத்துக்குக்கூட உடம்பு சரியில்லை என்று லீவு எழுதாதவர்.

ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கிய நெட்டைப் பையன் விடுமுறையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். அம்மாவுக்கு ஒரே பிள்ளை. வகுப்பு திறந்த அன்று மிஸ் பழக்கதோஷத்தில் அவன் எண்ணையும் கூப்பிட, நண்பனும் பழக்கதோஷத்தில் "பிரசென்ட் மிஸ்" என்றான். அடக்கத்துக்குப் போட்ட புதுச் சட்டையோடு ஒட்டடைக்குச்சி வந்து உட்கார்ந்தான். யாரும் அலறவில்லை. நண்பன் மட்டும் தேம்பினான். மணி அடித்ததும் ஆள் இல்லை. மிஸ் ஒட்டடைக்குச்சிக்கு வருகை போட்டு, நண்பனுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தார். மறுநாளிலிருந்து மாணவர்கள் முறை வைத்து அவனுக்கு ப்ராக்ஸி கொடுத்து மதிப்பெண் இழந்தார்கள். செய்தி கேட்டு அம்மா ஓடி வந்தார். அன்று முதல் தினமும் ஜன்னலோரம் நின்று பிள்ளையைக் கண்குளிரப் பார்த்துவிட்டுப் போவார்.

துறைத்தலைவர் ஃபாதருக்கு இது பிடிக்கவில்லை. "செத்தவனுக்கு அட்டெண்டன்ஸ் போட்டுட்டு நேர்மைய எப்படி மிஸ் சொல்லிக் கொடுப்பீங்க?" என்று கேட்டார்.

"உக்காந்திருக்கானே ஃபாதர். கண்ணு முன்னாடி இருக்கிறவன இல்லைன்னு எழுதவா?" என்றார் மிஸ். ஃபாதர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

வருடம் முடிந்து அந்தப் பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையாக வேலைக்குப் போனார்கள். பரீட்சை வேறு கூடத்தில் நடந்ததால் ஒட்டடைக்குச்சி எழுத வரவில்லை. விதிப்படி அவன் பெயர் அடுத்த வருடம் வந்த வகுப்பின் பட்டியலில் கடைசியாக ஏறியது.

புது வகுப்பில் அவனை யாருக்கும் தெரியாது. முதல் நாள் மிஸ் கடைசி எண்ணைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். "ஆப்சென்ட் மிஸ்" என்றாள் முன் பெஞ்ச் பெண். அவள் சொன்னது உண்மை. தான் இதுவரை உண்மைக்கு மேலே எதையும் வைத்ததில்லை என்று மிஸ்ஸுக்குத் தெரியும். ஆனாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் அவர் கண்ணில் பட்டன. எல்லோருக்கும் கேட்கும்படி "பிரசென்ட்" என்றார்.

கடைசி பெஞ்சில் ஒட்டடைக்குச்சி உட்கார்ந்திருந்தான். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஃபாதருக்கு மிஸ் சொன்னது காதில் விழுந்தது. நின்று உள்ளே பார்த்தார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, ஜன்னலோரம் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.