பாறைக்குள் பேபி

"நில்லும்! ஓரடி அங்கால இஞ்சால அசையாதேயும்!"

ரொறன்ரோவில், மல்வேர்ன் வீட்டுச் சமையலறையில் நின்று சண்முகலிங்கம் போனுக்குள் கத்தினார். வெளியே இப்போதுதான் விடிகிறது. அடுப்பில் கேத்தில் கூவுவது அவர் காதில் ஏறவில்லை.

மறுமுனையில் மனைவி பேபி. சீனாவின் சுஜோ நகரத்தில், பாறைக் குன்றுகளுக்குப் பேர்போன பழந்தோட்டம் ஒன்றுக்குள் வழி தவறி நிற்கிறாள். அங்கே சாயங்காலம், தோட்டத்தைப் பூட்டப்போகிறார்கள். வாசலில் நிற்கும் சுற்றுலா பஸ்ஸை விட்டால், ரொறன்ரோ விமானமும் போய்விடும். 'கல்லுப் பாக்க அவ்வளவு தூரமோ?' என்று பயணத்துக்கு மறுத்தவர் சண்முகலிங்கம்.

"எல்லாரும் வெளியால போக, நீர் மட்டும் எப்பிடித் தனிச்சனீர்?"

"அதை விடுங்கோ. வழியைச் சொல்லுங்கோ."

ரப்லெட் திரையில் தோட்டத்தின் வரைபடம். குகை, படி, பாலம், மறுபடி குகை. இடியப்பத்தைப் பிய்த்துப் போட்டதுபோல் பாதைகள்.

"முன்னால என்ன தெரியுது?"

"திரும்பவும் அந்தப் பிள்ளையார்."

"சீனாவிலை ஏதப்பா பிள்ளையார்?"

"கல்லுத்தான். தும்பிக்கையும் தொந்தியும் அச்சொட்டு. எங்கை சுத்தினாலும் இதிலைதான் வந்து நிக்கிறன்."

"அதிலையிருந்து எந்தப் பக்கத்தாலை போறீர்?"

"இதென்ன கேள்வி? வலமாத்தான்."

சண்முகலிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார். வரைபடத்தில் விரலை ஓட்டினார். வலமாகப் போனால் வந்த குகையே திரும்ப வரும். இடமாகப் போனால் பாலம், குளம், வாசல்.

"இஞ்சேரும், இடமாச் சுத்தி நடவும்."

"ஐயோ! பிள்ளையாரையோ?"

"உது பிள்ளையார் இல்லை, சிங்கம்! அங்கையுள்ள கல்லெல்லாம் சிங்கமெண்டுதான் இதிலை போட்டிருக்கு."

"சிங்கத்துக்கு எங்கையப்பா தும்பிக்கை?"

பிறகு போனில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

"என்ன செய்யிறீர்?"

"தோப்புக்கரணம் போடுறன். குத்தத்தைப் போக்கிப்போட்டுத்தானே இடமாப் போகலாம். ரெண்டு சீனப் பொடியளும் சேந்து போடுகினம்."

"பஸ் போகப்போகுது, நடவுமப்பா!"

நடந்தாள். குகையின் எதிரொலி கேட்டது, பிறகு காற்று, பிறகு தண்ணீர்.

"பாலம் வந்திட்டுது... குளம்... அங்கை பேர்ணடெற் கொடியோட நிக்கிறா. எங்கட கைட். ஏசப்போறா!"

ஏசினாள், நன்றாகவே கேட்டது. பஸ் கதவு மூடிக்கொண்டது. சண்முகலிங்கம் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"சீற்றில இருந்திட்டீரோ?"

"ஓம், யன்னல் கரையில."

"இப்பவெண்டாலும் சொல்லும். எப்பிடித் தனிச்சனீர்?"

பேபி குரலைத் தாழ்த்தினாள்.

"கையைப் பின்னால கட்டிக்கொண்டு, ஒருத்தரையும் பாக்காமல் விறுவிறெண்டு ஒருத்தர் முன்னால போனார். பின்மொட்டையும் அச்சொட்டு. நானும் வழமைபோலப் பின்னால போயிட்டன். குகைக்குள்ளை அந்தாள் திரும்பின பிறகுதான் ஞாபகம் வந்தது, நீங்கள் வரேல்லையெண்டு."