மச்சான் சொன்ன பதில்

மத்தியானம் இவன் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் மேசைமேல் கைப்பேசி அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. கடல் தாண்டி உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் கம்பெனியின் மேற்பார்வையாளர், வீடியோவில். அவர் முகத்துக்குப் பின்னால் ஒரு மொட்டைமாடி. அங்கே கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தது தன் தங்கை புருஷன் என்று இவன் உடனே அடையாளம் கண்டான்.

"உங்க ஆள் தொங்கு மேடையில ஏற மாட்டேங்கிறான். என்னன்னு கேளு" என்றார் அவர் தன் மொழியில்.

ஆள் அனுப்பும் இந்த ஏஜென்சியில் இவனுக்கு மொழிபெயர்க்கிற வேலை. நேர்காணலுக்கென்று முதலாளி வகுத்த சட்டமே தனி. "அவன் கதை கதையா அளக்கட்டும், நீ 'செய்வார் சார்'னு முடிச்சிரு. ஆள் போனாத்தான் நமக்குச் சோறு." அப்படி எத்தனையோ பேரின் பதிலை இவன் மாற்றிச் சொல்லியிருக்கிறான். யாரோ எவரோ என்பதால் உறைக்கவில்லை. மாப்பிள்ளையின் முறை வந்தபோதும் உயரம் பயமா என்றுதான் கேட்டார்கள். "ஏணியில நாலு படி ஏறினாலே கால் வெடவெடங்கும் மச்சான். கீழ ஏதாச்சும் வேலை இருக்கான்னு கேளுங்க" என்றான் மாப்பிள்ளை. "பயமெல்லாம் கிடையாது சார், நல்ல பழக்கம்" என்று இவன் மொழிபெயர்த்தான். போனால் பழகிவிடும், தங்கை குடும்பம் தலையெடுக்கும் என்று நினைத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

"என்ன மாப்ள, என்ன ஆச்சு?" ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டது இவனுக்கே கூசியது.

மாப்பிள்ளை எழுந்து திரையருகே வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. "இவங்க பேச்சு இப்பக் கொஞ்சம் புரியுது மச்சான். அன்னிக்கு நீங்க சொன்னதை நெனச்சுப் பார்த்தேன். பரவால்ல, விடுங்க. இந்தத் தடவையாச்சும் நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தப் 'பரவால்ல'வைத்தான் விழுங்க முடியவில்லை. எதிர் மேசையில் முதலாளி வேண்டாம் என்று தலையாட்டினார். அதே கம்பெனிக்கு அடுத்த மாதமும் ஆட்கள் போகவேண்டும்.

"அவருக்கு உயரம்னா பயம் சார். ஏற முடியாது. கீழே வேலை கேட்கிறார்."

சொல்லிவிட்டான். முதலாளி பேனாவை மூடி வைத்தார்.

மேற்பார்வையாளர் திரும்பி மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "பொய் சொல்லி வந்தவனுக்கு எங்ககிட்ட எந்த வேலையும் கிடையாது. நேர்காணல்ல ஏன் பொய் சொன்னான்? அவன்கிட்டயே கேளு" என்று கைப்பேசியை மாப்பிள்ளையின் பக்கம் திருப்பினார்.

திரை முழுக்க மாப்பிள்ளையின் முகம். பாதி புரிந்தும் புரியாமலும், மீதியை மச்சான் சொல்லட்டும் என்று காத்திருந்தான். காற்றில் அவன் சட்டை உப்பி உப்பி அடங்கியது.