மார்சியா வீட்டுச் சனிக்கிழமை

கணவன் விக்கி போன பிறகு சங்கமித்ரா ஒருநாள்கூட அழவில்லை. ஜோகுபாளையத்தில் அவர்கள் தெருவில் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. பழைய மதராஸ் சாலையில் தண்ணீர் லாரி மோதி அவன் இறந்த அன்றும் அழவில்லை. உடல் வீட்டுக்கு வந்தபோதும் அழவில்லை. விகாரையிலிருந்து வந்த பிக்கு 'புத்தம் சரணம் கச்சாமி' என்று திரிசரணம் சொல்லச் சொல்ல, எல்லோரோடும் சேர்ந்து வாயை மட்டும் அசைத்தாள். காரியம் முடிந்ததும் துணிமணியோடு அப்பா முனிராஜ் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாளில் வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் முன்மேசை வேலை அவளுக்கு. வருகிறவர்களிடம், "சாப்ட்டீங்களா, வெறும் வயித்துலயா?" என்று கேட்பாள். அதே குரலில்தான் வீட்டிலும் பேசினாள். முனிராஜுக்கு அது பொறுக்கவில்லை.

அதே லேபில் ரத்தம் எடுக்கிறவள் குளோரியா. சங்கமித்ராவைவிடப் பதினைந்து வயது மூத்தவள். காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தாள்.

"காலேஜ்ல டேபிள் டென்னிஸ் ஆடுவேன்னு சொன்னியே மித்ரா? எங்க தெருவுல பிரேசில்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க, புருஷன் பொண்டாட்டி. போர்ட்டிகோல டேபிள் போட்டுக்கிறாங்க. சனிக்கிழமை யார் வேணா போய் ஆடலாம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள், "மிஷனரிங்கதான். ஒங்கிட்ட மறைக்க மாட்டேன். கடைசில கொஞ்சம் ஜெபம் இருக்கும். இஷ்டம்னா உக்காரு, இல்லன்னா கெளம்பிடு."

போகவேண்டும் என்று தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. சனிக்கிழமை குளோரியா ஸ்கூட்டரைக் கிளப்பியபோது சங்கமித்ரா பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் முனிராஜ் முகம் சுருங்கியது.

"மதம் மாத்திடுவாங்கம்மா."

"மாத்தட்டும்பா."

முனிராஜின் தாத்தா காலத்தில் குடும்பம் யோசித்து, சண்டை போட்டு, பௌத்தத்துக்கு வந்தது. அதை இவள் பழைய புடவையைத் தூக்கிப் போடுகிற மாதிரிச் சொன்னது அவரை ராத்திரி முழுக்கப் புரளவைத்தது.

மார்சியாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. கணவர் பவுலோ அதிகம் பேசாதவர். மரவள்ளி மாவில் சீஸ் போட்டு உருண்டை உருண்டையாகச் சுட்டுத் தட்டில் கொட்டிவைப்பார். வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்காக ஊர் விட்டு வந்த பிள்ளைகள். ஐடி கம்பெனி, கால் சென்டர், ஓட்டல் என்று ஆளுக்கொரு இடம். ஆடி வியர்த்து, தின்று, அரட்டையடிப்பார்கள். முடிவில் மார்சியா பைபிளில் ஒரு பகுதியைப் படித்து, அங்கிருந்த ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி ஜெபிப்பாள்.

சங்கமித்ராவுக்குப் பந்து வந்தால் கை தானாகப் போனது. அவள் ஜெயித்தபோது மற்றவர்கள் கைதட்டினார்கள். அவளும் தலையசைத்தாள். ஆடுகிற நேரத்தில் யாரும் அவளிடம், "எப்பிடி இருக்க?" என்று கேட்கவில்லை என்பதற்காகவே அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும் போனாள். மழைக்காலம் முழுக்கப் போனாள்.

எல்லோரும் போன பிறகு ஒரு சாயங்காலம் மார்சியா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவர்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இருவருக்கும் அது இரவல் மொழி என்பதால் சின்னச் சின்ன வாக்கியங்களாகத்தான் வரும்.

"உனக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். இயேசுவை ஏற்றுக்கொள்ள உனக்கு விருப்பமா?"

சங்கமித்ரா யோசித்துப் பார்த்தாள். உள்ளே தேடினால் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை.

"எனக்கு எதுவுமே தோணல. வேண்டாம்னு சொன்னா, நான் ஆட வரலாமா?"

மார்சியா ஒரு மூச்சு இழுத்து விட்டாள். பிறகு, "கண்டிப்பாக வரலாம்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாற்றம் இருந்தது. ஹெப்பகோடியிலிருந்து புதிதாக இரண்டு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மார்சியா அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் ஊர், தாய் தகப்பன், வேலை எல்லாம் விசாரித்தாள். சங்கமித்ராவுக்குத் தட்டு வந்தது, சிரிப்பு வந்தது, ஜெபத்தில் பெயரும் வந்தது. பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அவள் அதைக் கவனித்தாள். லேபில் ஒரு ரிப்போர்ட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அப்போதுதான் மார்சியாவுக்கு டெங்கு வந்தது. பவுலோ தன் தாயைப் பார்க்க பிரேசில் போயிருந்தார். குளோரியா மகளின் பிரசவத்துக்காகக் கோலாரில் இருந்தாள். மார்சியாவின் ரத்தம் பரிசோதனைக்கு வந்தது சங்கமித்ரா வேலை செய்த லேபுக்குத்தான். தட்டணு எண்ணிக்கை குறைந்திருந்ததைப் பார்த்ததும் அவள் மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். மார்சியா வீட்டுச் சோபாவில் தனியாகச் சுருண்டு கிடந்தாள். சங்கமித்ரா அவளைக் கைத்தாங்கலாக இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

வார்டில் நர்ஸ் கன்னடத்தில் கேட்டாள், "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணா ஆடுவோம்," என்றாள் சங்கமித்ரா. நர்ஸ் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

மதியம் ஜுரம் ஏறியது. சனிக்கிழமைகளில் எல்லோரையும் தேற்றுகிற அந்தப் பெரிய உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. மார்சியா தன் மொழியில் என்னவோ முனகினாள். பிறகு கண்ணைத் திறந்து ஆங்கிலத்தில், "பயமாக இருக்கிறது. எனக்காக ஜெபம் பண்ணு," என்றாள்.

"உங்க ஜெபம் எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரிந்ததைச் சொல்."

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மார்சியாவின் சூடான கையைப் பிடித்துக்கொண்டு திரிசரணத்தைச் சொன்னாள். முதல் வரியிலேயே குரல் பிசிறியது. கடைசியாக அதைச் சொன்னது விக்கியின் தலைமாட்டில் நின்று. அன்றைக்கு வெறும் உதடுதான் அசைந்தது. இன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் குரலோடு வந்தது. புத்தர் பெயர் காதில் விழுந்ததும் மார்சியா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆமென் சொல்லவும் இல்லை. பார்த்தபடியே இருந்து, பிறகு கண்ணை மூடித் தூங்கிப்போனாள். மறுநாள் ஜுரம் இறங்கத் தொடங்கியது.

வீட்டுக்குப் போனதும் சங்கமித்ரா நடந்ததை அப்பாவிடம் சொன்னாள். முனிராஜ் தட்டில் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லப்பா."

"நாளைக்குக் கஞ்சி வெச்சித் தரேன், எடுத்துட்டுப் போ," என்றார்.

மார்சியா தேறி வந்த பிறகு, அவளையும் பவுலோவையும் இங்கே அனுப்பிவைத்த சபையிலிருந்து நாலைந்து பேர் பிரேசிலிலிருந்து பார்க்க வந்தார்கள். அந்தச் சனிக்கிழமை கூட்டம் அதிகம். சாப்பாட்டுக்கு முன் மார்சியா எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்னாள்.

"நான் சாவுக்குப் பக்கத்தில் போனேன். அப்போது இந்தச் சகோதரி என் கையைப் பிடித்து ஜெபித்தாள். கர்த்தர் கேட்டார்." சங்கமித்ராவைக் காட்டினாள். வந்தவர்கள் கண்கலங்கிக் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் வந்து அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

சங்கமித்ராவின் காது சூடானது. என்னவென்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை. ரொம்ப நாளாயிற்று, கோபம் வந்து.

மார்சியா தட்டெடுக்கச் சமையலறைக்குள் போனபோது பின்னாலேயே போனாள்.

"நான் என்ன சொன்னேன்னு ஏன் சொல்லல?"

மார்சியா திரும்பவில்லை. "அவர்களுக்குப் புரியாது, மித்ரா. நாங்கள் இங்கே இருப்பதே அவர்களால்தான்."

"எங்கப்பாவுக்குப் புரிஞ்சுது. கஞ்சி வெச்சிக் குடுத்தாரு."

மார்சியா குழாயைத் திறந்து கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். சங்கமித்ரா காத்திருக்கவில்லை. போர்ட்டிகோவுக்கு வந்து செருப்பைத் தேடினாள். குளோரியா ஸ்கூட்டர் சாவியோடு எழுந்தாள். அப்போது உள்ளே மார்சியாவின் குரல் கேட்டது. போர்ச்சுகீஸ் மொழியில் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள்.

"நான் ஒன்றை விட்டுவிட்டேன். அவள் என் விசுவாசத்தில் ஜெபிக்கவில்லை. அவளுடைய புத்தரிடம் எனக்காகச் சரணம் சொன்னாள். நான்தான் சொல்லச் சொன்னேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்."

உள்ளே யாரோ தட்டை மேசையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயோ, இந்தம்மா," என்றாள் குளோரியா மெதுவாக. சங்கமித்ரா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த கோடைக்குள் மார்சியாவும் பவுலோவும் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. சபைக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை என்றாள் குளோரியா. பவுலோவின் தாய் படுக்கையில் விழுந்ததுதான் காரணம் என்றார்கள் மற்றவர்கள். மார்சியாவிடம் சங்கமித்ரா கேட்கவில்லை. கடைசி மாதங்களில் மார்சியா மறுபடி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இயேசுவைப் பற்றிப் பேசினாள், பேசாமலும் இருந்தாள். ஒருநாள், "உன் கணவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டாள். சங்கமித்ரா, "சத்தமா பாடுவாரு. நல்லாவே இருக்காது," என்றாள்.

வழியனுப்ப முனிராஜும் வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. மார்சியாவுக்குக் கைகூப்பினார். அவள் அவரைக் கட்டிக்கொண்டதில் தடுமாறிப்போனார். டாக்சி தெருமுனை திரும்பியது.

"வாம்மா, பஸ் புடிக்கலாம்."

"கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம்பா."

முனிராஜ் மகளின் முகத்தைப் பார்த்தார். மூக்கின் நுனி சிவந்திருந்தது. அவர் பூட்டிய கேட்டின் நிழலில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.