தகவல் தந்தவர்

கயிற்றில் தொங்கவிட்ட போர்வைகளுக்கு நடுவே, இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை வாஜித் இரண்டாம் முறையாக ஊற்றியபோது, அதுவரை மூடியிருந்த அத்தாவின் இடது கை மெல்ல விரிந்துகொண்டது. கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை வெளுத்த தழும்பு. குளிப்பாட்ட வந்திருந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்த இடமா என்று கேட்டார்.

“இல்லீங்க. வேளா கொம்பு கிழிச்சது” என்றான் வாஜித்.

அவருக்குப் புரியவில்லை. வேளா என்பது மீன், சுறா மாதிரி இருக்கும், மூக்கு ரம்பமாக நீண்டு இரண்டு பக்கமும் பல் வைத்திருக்கும் என்று சொன்னான். அத்தா அந்தப் பற்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அதற்கு உயிர் இருந்திருக்கிறது. பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, வலப்பக்கம் சாய்க்கச் சொன்னார்.

போர்வைக்கு வெளியே அக்தரின் குரல் கேட்டது. வாஜித்தின் அக்கா அனத்தின் கணவர் அவர். காலையிலிருந்து செய்தி சொல்வது, நாற்காலி இறக்குவது எல்லாம் அவர்தான்.

“மச்சான், கோவளத்துலேர்ந்து ஒருத்தர் வந்திருக்கார். தனக்கோடின்னு பேர் சொன்னார். உட்கார வெச்சிருக்கேன்.”

வாஜித்தின் கையில் செம்பு அப்படியே நின்றது. தண்ணீர் ஆறுது தம்பி, ஊத்துங்க என்றார் பெரியவர்.

வாஜித்தின் தகப்பனார் அப்துல் கஃபார் அன்று விடியற்காலை, பாங்கு சொல்லி முடிப்பதற்குள் இறந்திருந்தார். மூன்று மாதமாகச் சிறுநீரகக் கோளாறு. மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தாலும், முடிச்சூர் சாலையிலிருந்து பிரிகிற அந்தத் தெருவில் தண்ணீர் வடியவில்லை. வந்தவர்கள் வேட்டியையும் பேண்டையும் தூக்கிப் பிடித்தபடி வந்தார்கள்.

மீன் ஆய்வு நிலையம் ஒன்றில் அவர் கள உதவியாளராக இருந்தவர். விஞ்ஞானிகள் எழுதும் கட்டுரையின் கடைசி வரியில் நன்றி சொல்லப்படும் ஆள். செவ்வாயும் சனியும் விடியுமுன் பஸ் பிடித்துக் கோவளம் கரைக்குப் போய், இறங்குகிற மீனை வகை வாரியாகக் குறித்துக்கொண்டு வருவார். வேளாவைக் கண்டால் மட்டும் டேப்பை எடுத்துவிடுவார். உடல் எவ்வளவு நீளம், கொம்பு எவ்வளவு, ஒரு பக்கத்துக்கு எத்தனை பல், எந்த வலை, எத்தனை பாகம் ஆழம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பார்த்தாராம். பிறகு ஐந்து. பிறகு இரண்டு. அந்தக் கொம்புதான் அதற்கு எமன் என்பார். எந்த வலையை உரசினாலும் பல் மாட்டிக்கொள்ளும். தானாகக் கழற்றிக்கொண்டு போக அதற்கு வழி கிடையாது.

இரண்டாயிரத்து ஒன்றில் சட்டம் வந்தது. வேளாவைப் பிடித்தால் புலியைக் கொன்றதற்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. அத்தா சந்தோஷப்பட்டார். கோவளத்தில் சிரித்தார்கள். “இன்னா பாய், புலி அதுவா வந்து வலைல வுழுந்தா நான் இன்னா பண்றது” என்று தனக்கோடி கேட்டதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி அவரும் சிரித்தார். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்ட பிறகும் தனக்கோடியும் இன்னும் நாலு பேரும் அவரிடம் மட்டும் சொன்னார்கள். தங்கள் பெயர் வெளியே போகாது என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே, நோட்டில் மற்ற விவரங்களை எல்லோரையும் போல எழுதிவிட்டு, பிடித்தவரின் பெயரை மட்டும் அரபுத்தமிழில் எழுதினார். மொழி தமிழ், எழுத்து அரபு. ஆபீஸில் அதைப் படிக்க ஒரு ஆள் கிடையாது.

வீட்டில் ஒருவன் இருந்தான். வாஜித்தின் அம்மா நூர் பீவிக்குத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான். அம்மா எழுதித் தந்த மளிகைச் சீட்டை அண்ணாச்சி கடையில் வாசித்துக் காட்டியே சின்ன வயதில் அவன் அதைக் கற்றுக்கொண்டிருந்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் ஆபீஸில் பழைய வேளாக் கணக்கை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார்கள். அத்தாவுக்கு டைப் அடிக்க வராது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வாஜித் நான்கு நாள் உட்கார்ந்து ஏற்றினான். ஆபீஸ் கொடுத்த படிவத்தில் ‘தகவல் தந்தவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நோட்டில் பெயர் இருக்கிறது, கட்டத்தை ஏன் காலியாக விடவேண்டும் என்று நினைத்தான். எல்லா வரியிலும் பெயர் போட்டான். வேலையை முழுசாகச் செய்துவிட்டதில் அவனுக்கு ஒரு திருப்தி. அத்தா அவன் கொடுத்த தாள்களைப் பிரித்துப் பார்க்காமலே உறையில் போட்டுக் கொண்டுபோனார். பையன் செய்ததைச் சரிபார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

கடைசி வரி தனக்கோடியுடையது. தேதி, சட்டம் வந்ததற்குப் பிந்தையது.

அந்தத் தாள் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போனதோ, நாற்பது நாள் கழித்துக் கோவளத்துக்கு ஒரு ஜீப் போனது. கூரையில் செருகியிருந்த கொம்போடு தனக்கோடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினோரு நாள் சப்-ஜெயில். வழக்கு மூன்று வருடம் இழுத்தது. படகு போயிற்று. அதன் பிறகு அவர் மற்றவர் படகில் கூலிக்குப் போனார்.

ஜீப் போன அன்று அத்தா வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி, அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். யார் போடச் சொன்னது என்று மட்டும் கேட்டார். வாஜித் அழுதான். தானே கோவளத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னான். நீ அந்தப் பக்கமே போகக்கூடாது, ஒருத்தன் மாட்டினது போதும் என்றார். மறுநாள் தனியாகப் போய்விட்டு வந்து, பேச்சு அத்தோடு முடிந்தது என்பதுபோலச் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் ஊறப் போட்டார். பெயரைக் கொடுத்தது தான்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்பது அம்மா மூலமாகத்தான் வாஜித்துக்குத் தெரிந்தது. அவன் மறுக்கவில்லை. மறுக்காமலே ஆறு வருடம் ஓடிவிட்டது.

அதன் பிறகு கோவளத்தில் அத்தாவிடம் யாரும் பேசவில்லை. ஓய்வு பெறும்வரை செவ்வாயும் சனியும் போனார். வேளா என்ற இடத்தில் சைபர் போடாமல் ஒரு கோடு போட்டார். ஏன் என்று வாஜித் ஒருமுறை கேட்டான். “இல்லேன்னு எனக்குத் தெரியாதே. சொல்ல மாட்டேங்கிறாங்கன்னுதான் தெரியும்” என்றார். ஆபீஸில் அந்தக் கோடுகளை எல்லாம் சைபராக மாற்றி அறிக்கை போட்டார்கள். கோவளம் கரையில் நான்கு வருடமாக வேளா இல்லை என்று அச்சில் வந்ததை அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

கஃபன் துணி சுற்றி முடித்து, முகம் பார்க்கப் பெண்களை அழைத்தார்கள். நூர் பீவி அழவில்லை. பார்த்துவிட்டு உள்ளே போனவர், அனத்தை அனுப்பி வாஜித்தைக் கூப்பிட்டார். அறையில் இருந்த பெண்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள்.

“நான்தான் அக்தரை போன் பண்ணச் சொன்னேன்” என்றார் அம்மா, தாழ்ந்த குரலில். “அவர் வருவார்னு நெனக்கல. வந்துட்டார். போய்ச் சொல்லிடு.”

“இன்னிக்கா?”

“வேற என்னிக்கு? உங்கத்தா செய்யாததை அவர் கூட கபருக்குள்ள அனுப்பாத.”

வாஜித் வெளியே வந்தான். தனக்கோடி ஓரத்து நாற்காலியில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஜெயிலுக்குப் போவதற்கு முன், அத்தாவோடு கரைக்குப் போய்ப் பார்த்ததைவிட முகம் பாதியாகியிருந்தது. ரோஜா மாலை வாங்கி வந்திருக்கிறார். இங்கே மாலை போடும் வழக்கமில்லை என்று அக்தர் பக்குவமாகச் சொன்னதும் பையை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டிருக்கிறார். வாஜித்தைக் கண்டதும் எழுந்து நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை. எப்பொழுது பஸ் ஏறினீர்கள் என்று கேட்டான். டீ குடித்தீர்களா என்று கேட்டான். அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். பிறகு பள்ளிக்கரணையில் வாஜித் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள். அவர்களிடம் திரும்ப வேண்டியிருந்தது, அவர்கள் போன பிறகும் அவன் அந்த நாற்காலிப் பக்கம் போகவில்லை.

அசர் முடிந்து, உடல் வைத்த சந்தூக்கைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கினார்கள். வரிசைகள் நின்றன. வெளிவாசலில் அக்கம்பக்கத்துக்காரர்களும் பழைய ஆபீஸ்காரர்கள் சிலரும், அவர்களோடு தனக்கோடியும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். தொழுகை தொடங்குமுன் இறந்தவரின் மகன் முன்னால் வந்து பேசவேண்டும். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் அவனுக்குக் கண்காட்டினார்.

“எங்க அத்தா அப்துல் கஃபார்” என்று ஆரம்பித்தான். “யாருக்காவது சொல்லாலயோ செயலாலயோ மனக்கஷ்டம் குடுத்திருந்தா, அல்லாஹ்வுக்காக அவரை மன்னிச்சிடுங்க.”

மன்னித்தோம் என்று வரிசைகளிலிருந்து வழக்கமான முணுமுணுப்பு எழுந்தது. அது அடங்கும் நேரத்தில் வாசல் பக்கமிருந்து தனிக்குரல் வந்தது.

“என்னாண்ட ஒண்ணு இருந்துச்சு பாய். வுட்டுட்டேன். நீ நிம்மதியா போ.”

தலைகள் திரும்பின. ஹஜ்ரத் வாஜித்தைப் பார்த்தார். அவன் அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி போதும். அத்தாவின் பழைய ஆபீஸ்காரர்கள் இருந்தார்கள், தெரு முழுவதும் இருந்தது, எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். அவன் வாயைத் திறந்தது உண்மை. ஆனால் இன்னொருவர் மேல் போட்ட மன்னிப்பு அங்கே இறங்கி, கூட்டம் ஆறுதலாக மூச்சு விடுவதைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. ஹஜ்ரத் முன்னால் போய்க் கையை உயர்த்தித் தக்பீர் சொன்னார். வாஜித்தும் கையைக் கட்டிக்கொண்டான்.

கபர்ஸ்தானில் தோண்டியிருந்த குழியில் ஊற்று எடுத்திருந்தது. இறைத்துவிட்டு இறக்கினார்கள். எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நான் போடலாமா என்று தனக்கோடி அக்தரிடம் கேட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். துஆ முடிந்ததும் கூட்டம் கலைந்தது. வாஜித்தைக் கட்டித் தழுவி ஸலாம் சொல்ல ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களை விட்டுவிட்டு, வாசலோரக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த தனக்கோடியிடம் போனான்.

“அண்ணே, அந்தப் பேரை அத்தா குடுக்கல. நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். அவருக்கே தெரியாது.”

தனக்கோடி குழாயை மூடினார்.

“அவுரு வந்து சொன்னாரே. நான்தான் குடுத்தேன்னு.”

“எனக்காகச் சொன்னார்.”

“மூஞ்சில துப்புனேன்பா நானு” என்றார் தனக்கோடி. “அத்தினி பேர் எதிர்ல. தொடச்சிகினு நின்னாரு.”

வாஜித்துக்கு இது தெரியாது. ஊறப் போட்ட சட்டை நினைவுக்கு வந்தது.

“உனுக்கு அப்ப இன்னா வயசு?”

“இருபது.”

“இப்ப?”

“இருபத்தாறு.”

தனக்கோடி புதுமண் மேடு இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாரத்துக்கு ரெண்டு தபா வருவாரு. எதிர்லயே வந்து நிப்பாரு. நான் வலையப் பாத்துகினு இருப்பேன். ஆறு வருசத்துல நாலு வேளா என் கைல வந்துச்சு தம்பி. ஒண்ணுகூட அவராண்ட சொல்லல. கடைசியா போன ஆடில ஒரு குட்டி. கை நீளந்தான் இருக்கும். கொம்பு இன்னும் மெத்துனு கீது, அதுக்குள்ள வலைல சுத்திகினு கெடக்குது. வலைய அறுத்து வுட்டுட்டேன். ஒடம்பு சரியில்லாம படுத்துகினாருன்னு அப்பவே சொன்னாங்க. அடுத்த வாரம் போவலாம், அடுத்த வாரம் போவலாம்னு…”

“எந்த இடம்ணே? தேதி ஞாபகம் இருக்கா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது வாஜித்துக்கு உறைத்தது. தனக்கோடி அவனைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

“கீது” என்றார். “நாள் கீது, இடம் கீது, எத்தினி பல்லுன்னும் எண்ணி வெச்சேன். அது அவருக்குச் சொல்ல வெச்சிருந்தது.”

கையை உதறிவிட்டு வெளியே நடந்தார். வாஜித் வாசல்வரை போனான். பின்னால் யாரோ தோளைத் தொட்டு ஸலாம் சொன்னார்கள். திரும்பாமலே பதில் சொன்னான். தனக்கோடி செருப்பைக் கையில் எடுத்தவர் அதைப் போட மறந்து, தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு சாலையைக் கடந்து எதிர்ப்புறப் பஸ் நிறுத்தத்துக்குப் போனார். தாம்பரம் பஸ் ஒன்று வந்து அவரை மறைத்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்த பிறகும் அவர் அங்கேயே நின்றிருந்தார், செருப்பு கையில் இருக்க.