முதுகு காட்டி உட்கார்ந்தவள்

ஓவியர் ஒனேசிம் தன் மனைவி ஸெலியைப் பார்த்து வரைந்த பெண், மூன்றாம் நாள் காலையில் படத்துக்குள்ளேயே முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். பிரான்சின் நார்மண்டிக் கடலோரத்தில் அப்போது ஆப்பிள் பறிப்புக் காலம். ஒனேசிம் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி முகம் வரைந்தார். விடிந்தால் மறுபடி முதுகு. ஒன்பது தடவை சுரண்டினார், ஒன்பது தடவையும் திரும்பினாள். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தபோது, குளிருகிறதென்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஸெலியின் கவலை வேறு. காலுறை பின்னுவதுபோல் ஊசிகளைப் பிடித்தபடி ஆறு வாரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னலில் ஒரு கண்ணிகூட ஏறவில்லை. மகள் பெர்த் வெறுங்காலில் மரச்செருப்பை மாட்டித் திரிந்து கால் கொப்பளித்துப் போனாள்.

“அசையாதடி! நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறதாலதான் அவளும் திரும்பிக்கிறா,” என்று ஸெலியை அதட்டினார் ஒனேசிம்.

“பின்ற மாதிரி உக்காந்ததுக்கு நெசமாவே பின்னியிருந்தா ஊருக்கே காலுறை போட்டிருப்பேன். புள்ள கால் புண்ணாக் கெடக்கு, உங்களுக்குப் படம்!”

எழுந்து போய்ப் படத்தை உற்றுப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முழங்கை அசைந்துகொண்டிருந்தது. மடியோரம் தொங்கிய காலுறை நேற்றைவிட நாலு விரற்கடை நீண்டிருந்தது.

“என்னைச் சும்மா உக்கார வச்சிட்டு இவ பின்றா பாருங்க!” என்றவள், நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, கணவருக்கு முதுகைக் காட்டிப் பின்ன ஆரம்பித்தாள். ஒனேசிம் கத்தினார், தூரிகையை வீசினார். அவள் திரும்பவில்லை. பொழுது சாய்வதற்குள் ஒரு காலுக்கு உறை முடிந்தது.

வேறு வழியின்றி முதுகோடேயே படம் பாரிஸ் கண்காட்சிக்குப் போனது. வசந்தத்தில் வைக்கோல் வண்டியில் திரும்பி வந்தது. முகமில்லாத பெண்ணைத் தொங்கவிட இடமில்லையாம். ஒனேசிம் ஆத்திரத்தில் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். மறுநாள் காலை, படத்துணியின் சொரசொரப்பான பின்பக்கத்தில், சட்டக் கட்டைகளுக்கு நடுவே அவள் முகம் இருந்தது. குனிந்த தலை, கண்ணிகளை எண்ணும் உதடு. ஒன்பது தடவையும் அவருக்குப் பிடிபடாத முகம்.

“கையெழுத்தைப் போடுங்க,” என்றாள் ஸெலி.

“நான் வரைஞ்சது முன்பக்கம்,” என்றார். அதன்பின் மாடுகளை மட்டுமே வரைந்தார்.

படம் முப்பது வருடம் அப்படியே தொங்கியது. ரொட்டிக்காரி உள்ளே வந்தால் இரண்டு பெண்களுக்கும் சேர்த்தே வணக்கம் சொல்வாள். ஸெலி பதில் சொல்வாள். மற்றவள், எண்ணிக்கை தவறிவிடும் என்பதால், தலையை மட்டும் ஆட்டுவாள்.